கவிழ்ந்த கலயம்

பறவையின் பேச்சும் மனிதரின் பேச்சும் ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், கடற்கரை உப்பளத்திலிருந்து மலையடிவாரம் போக ஒரே ஒரு வண்டிப்பாதைதான் இருந்தது. செம்மணல் தேரியின் நடுவே போகும் பாதை அது. உப்பு ஏற்றிய மாட்டுவண்டிக்கு நான்கு நாள் நடை. அந்த நான்கு நாளில் ஐந்து கள்ளுக்கடைகள் வரும்.

எந்தக் கடைக்கும் கடைக்காரரின் பெயர் கிடையாது. வாசலில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் ஒரு பொருளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பொருளின் பெயர்தான் கடையின் பெயர். முதல் கடை இரட்டைச்சுரை. இரண்டாவது முறுக்குக்கொம்பு. மூன்றாவது ஒற்றைச்செருப்பு. நான்காவது ஊமைமணி, அதாவது நாக்கு இல்லாத மணி. ஐந்தாவது கலயக்கம்பம். கடைக்காரர்கள் மாறினார்கள், செத்தும் போனார்கள். பெயர்கள் அப்படியே இருந்தன.

தொங்கும் பொருள் பெயருக்காக மட்டும் இல்லை. அது நேராகத் தொங்கினால் இன்றைக்குக் கள் நல்லது, வண்டியை நிறுத்தலாம் என்று அர்த்தம். தலைகீழாகத் தொங்கினால் இன்றைக்குக் குடிக்கக் கூடாது, நிற்காமல் போக வேண்டும் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு வந்ததற்கு மைனாக்கள்தான் காரணம். பறவைகளுக்குப் பேச்சு இருந்ததால் கடைக்காரர்கள் சிலர் மைனாக்களுக்குத் தினை போட்டுப் பழக்கினார்கள். அவை வழியில் போகிற வண்டிகளின் நுகத்தடியில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கடைக் கள் புளித்துவிட்டது, அதில் புழு நெளிகிறது, நேற்றுக் குடித்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வாய் கூசாமல் சொல்லும். நம்பியவர்கள் தாகத்தோடு நல்ல கடையைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் வண்டிக்காரர்கள் எல்லோரும் கூடி ஒரு முடிவு செய்தார்கள். இனி இந்தப் பாதையில் எந்த வாய்ச்சொல்லும் செல்லாது. கம்பம் சொல்வதுதான் சொல்.

ஐந்தாவது கடையான கலயக்கம்பத்தைச் சுயம்பு என்பவனும் அவன் மனைவி உலகம்மையும் நடத்தினார்கள். கடையைச் சுற்றி நாற்பத்தோரு பனை. அதில் பதினேழு மரத்தில் சுயம்பு பாளை சீவினான். இறக்கிய கள்ளை மணலில் பாதி புதைத்த மிடா என்னும் பெரிய மண்பானையில் ஊற்றி வைப்பார்கள். மிடாவின் வாய் திறந்தே இருக்கக் கூடாது. பனைமட்டையின் அடியில் சல்லடை போல ஒட்டியிருக்குமே பன்னாடை, அதை மூன்று மடிப்பாகப் போட்டு, ஓலைநாரால் சுற்றிக் கட்டிவிடுவாள் உலகம்மை. குடிக்க வருகிறவர்கள் கட்டை அவிழ்த்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடித்துவிட்டு, திரும்பக் கட்ட வேண்டும். கடையில் ஆள் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பதிலுக்கு ஓலைப்பெட்டியில் ஒரு கை உப்பு போட்டுவிட்டுப் போவார்கள்.

அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு கிடையாது. மாடுகளுக்காக ஒரு தொட்டி இருந்தது. அதில் இருந்தது உவர்நீர். மாடு குடிக்கும். மனிதன் வாயில் வைக்க முடியாது. கடையை விட்டால், குடிக்கிற தண்ணீர் அரைநாள் நடைக்கு அப்பால், மலையடிச் சுனையில்தான்.

கடைக்குப் பக்கத்துப் பனையில் ஒரு மஞ்சள்சிட்டும் அதன் பெட்டையும் இருந்தன. அந்தச் சாதிக் குருவிகள் அப்போது கிண்ணம் போலத்தான் கூடு கட்டும். மட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் கூடு, வாய் வானத்தைப் பார்த்திருக்கும். அந்த ஆடி மாதம் சிட்டு இரண்டு கூடு கட்டி முடித்திருந்தது. முதல் கூட்டில் பெட்டை ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, குத்துகிறது என்றது. இரண்டாவதில் உட்காரவே இல்லை. தான் முட்டை வைக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, அதற்குள் மெத்தென்று ஏதாவது போட்டு ஒழுங்காகக் கட்டித் தந்தால் ஆயிற்று என்று சொல்லிவிட்டது.

அன்று காலை சுயம்பும் உலகம்மையும் அந்த ஆண்டின் கடைசிக் கள்ளை ஒரு கலயத்தில் எடுத்துக்கொண்டு தேரிக்காட்டுச் சாமிக்குப் படைக்கப் போனார்கள். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். மிடாவை நன்றாகக் கட்டியாயிற்று. கம்பத்துக் கலயம் வாய் மேலே பார்த்து நிற்கிறதா என்று உலகம்மை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தலை மறைந்ததும் சிட்டு மிடாவின் மேல் வந்து உட்கார்ந்தது. பன்னாடை நார் மெல்லியது, உறுத்தாது. ஒரு நார்தானே என்று உருவியது. ஒரு நார் போதவில்லை. இருபத்தாறு நார் உருவி, இருபத்தாறு தடவை பறந்து இரண்டாவது கூட்டில் கொண்டுபோய்ச் செருகியது. இருபத்தேழாவதற்குத் திரும்பி வந்தபோது மிடாவின் மூடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது.

மிடாவின் விளிம்பில் ஓர் அரணை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அரணைக்கு அந்தக் காலத்தில் விஷம் இருந்தது, பாம்பைவிடக் கொடிய விஷம். ஆடிக்காற்று ஒரு காய்ந்த மட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து விளிம்பில் மோதியது. திடுக்கிட்டு ஓடிய அரணை அந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது.

சிட்டு மூச்சுவிடாமல் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து அரணை தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது.

உள்ளே என்ன செய்தாய் என்று சிட்டு கேட்டது.

"உள்ளேயா? யாரு போனா?" என்றது அரணை. கொஞ்சம் யோசித்தது. "ஆமா, ஒரு குளம் இருந்துச்சு. நல்ல குளம். நிறையக் குடிச்சேன். வயித்தைப் புரட்டிச்சு. உள்ளே இருந்த விஷம் பூராவையும் அதிலேயே கக்கிட்டேன். இப்போ உடம்பு லேசா இருக்கு." அதற்குமேல் அதற்கு எதுவும் நினைவில்லை. போகிற வழியையும் மறந்து மிடாவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

ஓட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த நுரையைத் தின்ன எறும்புகள் வந்தன. சிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பதினோரு எறும்பு. பதினொன்றும் நுரையில் வாய் வைத்த இடத்திலேயே சுருண்டன.

சிட்டு பெட்டையிடம் பறந்து போய் நடந்ததைச் சொன்னது. பெட்டை முதலில் கூட்டைப் பார்த்தது, அதில் செருகியிருந்த நாரைப் பார்த்தது.

"நான் மெத்துன்னு கேட்டேன். மிடாவை அவுத்துக் கொண்டாரும்னு கேட்டேனா? நல்லா இருப்பீரு நீரு," என்றது. பிறகு அதன் குரல் இறங்கியது. "இன்னைக்கு உப்பு வண்டி வருமே."

இரண்டும் பாதையைப் பார்த்தன. கிழக்கே, இருபது கூப்பிடு தூரத்தில் செம்புழுதி எழுந்துகொண்டிருந்தது.

சிட்டு காற்றோடு பறந்து வண்டிகளை அடைந்தது. ஒன்பது வண்டி, இருபத்து மூன்று ஆள். ஊமைமணிக் கடையில் முந்தின நாள் மணி தலைகீழாகத் தொங்கியதால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. தோல்பைத் தண்ணீர் விடியும்போதே தீர்ந்துபோயிருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. முன்வண்டியில் இருந்தவர் ஆவுடை. கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள்.

சிட்டு நுகத்தடியில் உட்கார்ந்து, கலயக்கம்பத்துக் கள்ளில் விஷம் இருக்கிறது, யாரும் தொட வேண்டாம் என்றது.

இரண்டாவது வண்டியிலிருந்த கொம்பையா சிரித்தான். "மைனா போயி இப்போ சிட்டு வந்திருக்கு பாருங்க அண்ணாச்சி. ஏ சிட்டு, உனக்குத் தினையா, சாமையா? எது போட்டாங்க?"

எதுவும் போடவில்லை என்று சிட்டு சொன்னது. எறும்பு செத்ததைச் சொன்னது. கள்ளில் எறும்பு சாவது தினமும் நடக்கிறதுதானே என்றான் கொம்பையா.

ஆவுடை சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு மைனா இதே நுகத்தடியில் உட்கார்ந்து, ஒற்றைச்செருப்புக் கடையில் குடிக்காதே என்று சொன்னது. செருப்பு நேராகத்தான் தொங்கியது. அவர் மைனாவை நம்பிக் கடையைத் தாண்டிப் போனார். அடுத்த கடைக்கு முன்னால் அவருடைய தம்பி வண்டியிலிருந்து சரிந்து விழுந்தான். மணலில் அவன் உயிர் போகும்போது ஊற்ற ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

"நான் ஒரு தடவை பறவை பேச்சைக் கேட்டேன்," என்றார் ஆவுடை. "கம்பத்தைப் பார்த்துக்கிடுதேன். நீ போ."

சிட்டு காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தது. இனி ஒன்றுதான் வழி. கம்பத்துக் கலயத்தைக் கவிழ்த்துவிட வேண்டும்.

சிட்டும் பெட்டையும் கலயத்தின் விளிம்பைப் பற்றிச் சிறகடித்தன. கலயம் அசையவில்லை. கலயத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்த கயிற்றுப் புரிகளில் ஒன்றைக் கொத்தி அறுத்தால் ஒரு பக்கம் சாயும், அப்படியே கவிழ்ந்துவிடும் என்று சிட்டு கணக்குப் போட்டது. பெட்டை வேண்டாம் என்றது. சிட்டு கொத்தியது. முதல் புரி அறுந்தது. கலயம் சாய்ந்தது. அந்தப் பாரத்தில் இரண்டாவது புரி தானே அறுந்தது. கலயம் கீழே விழுந்து ஐந்து துண்டாக உடைந்தது.

கம்பத்தில் அறுந்த கயிறு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வெறுங்கம்பத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லி வைத்ததில்லை. காற்றில் விழுந்து உடைந்தது போல என்று நினைத்துக்கொண்டு தாகத்தோடு வருகிறவர்கள் மிடாவைத்தான் தேடுவார்கள். முன்பு கம்பம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு வாயே இல்லாமல் செய்தாகிவிட்டது. சிட்டு கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, புழுதி எவ்வளவு தூரம் என்று பார்த்தது. பன்னிரண்டு கூப்பிடு தூரம்.

"என்ன பார்த்துக்கிட்டு இருக்கீரு?" என்றது பெட்டை. "உமக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதானே. கட்டும்."

"என்னத்தைக் கட்ட?"

"கலயத்தை. அந்த ரெண்டாவது கூட்டை அறுத்து எடும். வாயைக் கீழே திருப்பும்."

கூட்டின் அடிநாரை அறுத்து இரண்டுமாகத் தூக்கின. வழியில் ஒரு தடவை மணலில் விழுந்தது. மறுபடியும் தூக்கின. அறுந்த கயிற்றில் கூட்டின் அடிப்பக்கத்தை மேலே வைத்துச் சிட்டு முடிச்சுப் போட்டது. ஒன்பது முடிச்சு. கூடு வாய் கீழே பார்க்கத் தொங்கியது. ஆனால் அது கலயம் மாதிரி இல்லை. கழுத்து இல்லாமல், ஏதோ புல்லுக்குல்லாய் போல இருந்தது. சிட்டு ஓலையைக் கீறிக் கொண்டுவந்து, கூட்டின் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரு கழுத்துப் பின்னியது. பின்னப் பின்ன அலகின் ஓரம் கிழிந்தது. பெட்டை ஓலை கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது, ஏழு கூப்பிடு, ஆறு கூப்பிடு என்று தூரத்தைச் சொல்லிக்கொண்டும் இருந்தது.

கழுத்து முடியும் நேரத்தில் ஒரு பெருங்காற்று வந்தது. கூடு சுழன்று மேலே எழும்பி, வாய் வானத்தைப் பார்த்து நின்றது. திரும்பித் தணிந்தது. மறுபடி எழும்பியது. அந்த நேரத்தில் வண்டிக்காரன் தலை நிமிர்ந்தால் கலயம் நேராக இருக்கிறது என்றுதான் நினைப்பான்.

பெட்டை தொட்டிக்குப் பறந்தது. மாடுகள் சிந்திய உவர்நீரில் ஊறிக் கிடந்த களிமண்ணை அலகில் எடுத்து வந்து, கூட்டின் உள்சுவரில் அப்பியது. அடுத்தது சிட்டு போனது. இரண்டுமாக முப்பத்து நான்கு தடவை போய் வந்தன. முப்பத்து நான்காவது உருண்டையை அப்பியதும் கூடு கனத்தது. காற்றில் ஆடியது, ஆனால் புரளவில்லை.

வண்டிகள் வந்து நின்றன.

மாடுகள் தொட்டிக்கு ஓடின. கொம்பையா வண்டி நிற்குமுன்பே குதித்து, நேராக மிடாவுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தான். சிரட்டையில் மொண்டான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் கை நீட்டி நின்றார்கள்.

"கீழே வை," என்றார் ஆவுடை. அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொம்பையாவும் பார்த்தான். "அது கலயமா அண்ணாச்சி? புல்லு. கலயம் கீழே உடைஞ்சு கிடக்கு. இதை அந்தச் சிட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கு. அங்கே வாயால சொன்னதையே இங்கே அலகால சொல்லுது, அவ்வளவுதான்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஆவுடையின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சிரட்டையிலிருந்து கள் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆவுடை கம்பத்தடிக்கு வந்தார். "இதைக் கட்டினது நீயா?" என்று சிட்டைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். கடைக்காரியே கட்டினாள் என்று சொன்னால் கம்பத்தின் சொல் நிற்கும், இருபத்து மூன்று பேரும் குடிக்காமல் போவார்கள். சிட்டுக்கு அந்தப் பதில் அலகு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பாதையில் எந்தப் பறவைக்கும் அப்படிப் பொய் சொல்லித்தான் பழக்கம் என்பதும் அதற்குத் தெரியும். அது கூட்டின் அடியில் தொற்றிக்கொண்டு சிறகை அடித்தது.

"நான்தான் கட்டினேன் ஐயா. கலயத்தை உடைச்சதும் நான்தான். மிடா மூடியிலே நார் திருடினதும் நான். அந்த ஓட்டையிலேதான் அரணை விழுந்தது. யார் செத்தாலும் அது என்னாலேதான்."

ஆவுடை மிடாவுக்குப் போய், அவிழ்த்துப் போட்டிருந்த பன்னாடையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்தது. ஓட்டையின் ஓரத்தில் காய்ந்துபோன எறும்புகள் ஒட்டியிருந்தன.

"ஓட்டையை யாரும் போடலாம்," என்றான் கொம்பையா. அவன் குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"போடலாம்," என்றார் ஆவுடை. "ஆனா என்கிட்டே இதுவரைக்கும் ஏழு மைனா பொய் சொல்லியிருக்கு. ஒண்ணுகூடத் தன்னைத் திருடன்னு சொன்னதில்லை." அவர் நிமிர்ந்து ஒரு தடவை கம்பத்தைப் பார்த்தார். "புல்லா இருந்தா என்ன, மண்ணா இருந்தா என்ன. வாய் கீழே இருக்கு. ஊத்துடா."

கொம்பையா சிரட்டையைத் தன் வாய்க்கு அருகில் வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு மணலில் ஊற்றினான். ஆவுடை ஆட்களைக் கூப்பிட்டு மிடாவைச் சாய்க்கச் சொன்னார். அவ்வளவு கள்ளையும் தேரிமணல் குடித்தது.

குடிக்காமல் போவது சுலபமாக இல்லை. நல்ல வெயில் நேரம். அரைநாள் நடை இருந்தது. தளர்ந்த ஆட்களை உப்பு மூட்டையின் மேல் படுக்க வைத்துத் துணியால் மூடினார்கள். சிட்டு வண்டிகளோடு பறந்தது. யாராவது சரிந்தால் அதுவும் தன்னாலேதான் என்று அதற்குத் தோன்றியது. ஒவ்வொரு வளைவிலும் முன்வண்டியிலிருந்து பின்வண்டி வரை எண்ணிப் பார்த்தது. ஆறாவது வண்டியில் ஒருவர் பேசாமல் கிடந்தார். சிட்டு அவர் மூக்கருகே உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தது. வந்தது. பொழுது சாயும் முன்னால் வண்டிகள் சுனையை அடைந்தன. எல்லோரும் குப்புறப்படுத்துத் தண்ணீர் குடித்தார்கள். ஆறாவது வண்டிக்காரருக்கு ஆவுடை தன் கையால் மொண்டு ஊற்றினார். சிட்டு கடைசியாக ஒரு தடவை எண்ணியது. இருபத்து மூன்று.

அது கடைக்குத் திரும்பியபோது உலகம்மை உடைந்த கலயத்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. உலகம்மை சிட்டைத் திட்டத்தான் செய்தாள், அதுவும் கொஞ்ச நேரமில்லை. ஆனால் கம்பத்தில் வேறு கலயம் கட்டவில்லை. சுயம்பு ஏணி வைத்து ஏறிப் பார்த்து, முடிச்சு ஒன்பதும் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினான். வண்டிக்காரர்கள் வாய் வழியாகக் கடையின் பெயர் கவிழ்ந்த கலயம் என்று ஆயிற்று.

மூன்றாம் நாள் பெட்டைக்கு முட்டை வைக்கும் நேரம் வந்தது. சிட்டு புதிதாகக் கிண்ணக்கூடு ஒன்று கட்டி முடித்துக் கூப்பிட்டது. மெத்தென்றுதான் இருந்தது. பெட்டை அதன் விளிம்பில் உட்கார்ந்து, திறந்த வாயை எட்டிப் பார்த்தது. பார்த்த உடனே பின்வாங்கியது.

"மேலே வாய் திறந்திருந்தா எதுவும் விழும்," என்றது. "என் பிள்ளைகளை இதிலே வைக்க மாட்டேன். கம்பத்திலே இருக்கிற மாதிரி கட்டும்."

அந்த ஆடியிலிருந்துதான் அந்தக் குருவிக்குத் தூக்கணாங்குருவி என்று பெயர் வந்தது. அதன் கூடு வாய் கீழே பார்த்துத் தொங்குவதும், காற்றில் புரளாமல் இருக்க உள்சுவரில் களிமண் அப்பியிருப்பதும் அதனால்தான். கக்கிய விஷம் மணலோடு போனதால் அரணைக்கு அன்றைக்குப் பிறகு விஷமும் இல்லை. ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டியதும், மேற்கொண்டு ஓலை எடுக்கப் போகாமல் அதன் அடியில் தொற்றிக்கொண்டு சிறகை அடிக்கிறதே, பெட்டை வந்து உள்ளே பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கிறதே, அது தொடங்கியதும் அன்றைக்குத்தான்.